சந்தேகத்தைக் கடைசிவரை காப்பாற்றுங்கள்: இரைச்சலில் தவிக்கும் ரிசீவரின் பிழைதிருத்தத்தைச் சீர்செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வானிலைச் செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடந்து போகும் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் மொட்டை மாடியிலிருந்து ஒரு படம் பிடித்துவிட முயன்றவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வங்காள விரிகுடாவின் மேல் மேகச் சுருள் அழகாக விழுந்திருக்கும். நடுநடுவே கறுப்புச் செவ்வகங்கள். ஒவ்வொன்றும் 112 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம். படத்தின் முழு அகலமான 1,568 புள்ளிகளைப் பதினான்காகக் கூறுபோட்டு அனுப்புகிறார்கள். அதில் ஒரு கூறு வந்து சேரவில்லை என்பதுதான் அந்தக் கறுப்பு.

அதைப் பார்த்ததும் பெரிய ஆன்டெனா வாங்க ஓடுவது மனித இயல்பு. நானும் ஓடினேன். ஆன்டெனா மாறியது, கேபிள் மாறியது, கறுப்புக் கட்டங்கள் சற்றே குறைந்தன, அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்துத்தான் குற்றவாளியைப் பிடித்தேன். நானே எழுதிய ஒரு வரி நிரல் அது. வட்டில் இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக, டீமாடுலேட்டர் (வந்த அலையிலிருந்து பிட்டுகளுக்கான மதிப்புகளைப் பிரித்தெடுக்கும் பகுதி) தந்த ஒவ்வொரு மதிப்பையும் நேர் எண்ணாக இருந்தால் 1, எதிர் எண்ணாக இருந்தால் 0 என்று சுருக்கிச் சேமித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிக்கனத்தின் விலை ஏறத்தாழ 2 டெசிபல். வாங்கிய ஆன்டெனா தந்த லாபத்தைவிட அது அதிகம்.

பிழையைத் திருத்த உதவும்படி உபரிப் பிட்டுகளைச் சேர்த்து அனுப்பும் குறிமுறையை வடிவமைக்கும் வாய்ப்பு நமக்கு இல்லை. செயற்கைக்கோளில் எதை வைத்து அனுப்பினார்களோ அதுதான். ஆனால் அதை அவிழ்க்கும் டிகோடரின் கையில் எதைக் கொடுக்கிறோம் என்பது முழுக்க நம் பொறுப்பு. ரிசீவரின் எந்தக் கட்டத்திலும் அவசரப்பட்டு முடிவெடுக்காமல், 'இது 1 ஆக இருக்கலாம், ஆனால் எனக்கு உறுதியில்லை' என்ற சந்தேகத்தைக் கடைசிவரை கடத்திக்கொண்டு போவதுதான் இந்தக் கட்டுரையின் எல்லாப் படிகளுக்கும் பொதுவான வேலை.

பழைய ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் செய்ததும் இதைத்தான். ஓலையில் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. மெய்யா உயிர்மெய்யா என்று எழுத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். நல்ல பதிப்பாசிரியர் பார்த்த மாத்திரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட மாட்டார். இரண்டு பாடத்தையும் மனதில் வைத்துக்கொண்டு, அடியின் சீரும் அடுத்த அடியின் எதுகையும் எதைக் கேட்கின்றன என்று பார்ப்பார். யாப்பு என்பது செய்யுளுக்குள் வைத்த பிழைதிருத்தக் குறி. தளையும் எதுகையும் எழுத்துகளைக் கட்டிவைத்திருப்பதால், செல்லரித்த இடத்தை மற்ற இடங்களிலிருந்து மீட்க முடிகிறது.

முதலில் சங்கிலியைத் தெரிந்துகொள்ளுங்கள்

மீட்டியோர் 137 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அனுப்பும் எல்ஆர்பிடி என்ற படச் சிக்னலையே இங்கே மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். காரணம், இதில் உள்ள ஏற்பாடு விண்வெளித் தொடர்பின் பாலபாடம். 1977இல் கிளம்பிய வாயேஜர் 2 கலம் யுரேனஸிலிருந்தும் நெப்டியூனிலிருந்தும் படம் அனுப்பியதும், ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு குறிமுறைகளைப் போடும் இதே இரட்டைக் குறிமுறையில்தான். இதைப் புரிந்துகொண்டால் வேறு எந்த ரிசீவரையும் திறந்து பார்க்கத் துணிவு வந்துவிடும்.

அனுப்பும் பக்கத்தில் நடப்பது இது. படத் தரவு 223 பைட் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் ரீட்–சாலமன் குறிமுறை 32 பைட் சேர்த்து 255 ஆக்குகிறது. இப்படி நான்கு துண்டுகளை ஒரு பைட் விட்டு ஒரு பைட்டாகப் பின்னி, 1,020 பைட்டாக்கி, தொடர்ச்சியாக ஒரே பிட் வராதபடி ஒரு போலித் தற்செயல் வரிசையோடு கலந்து, தொடக்கம் எங்கே என்று காட்டத் தலையில் 4 பைட் ஒத்திசைவுச் சொல்லை ஒட்டுகிறார்கள். ஆக ஒரு ஃபிரேம் 1,024 பைட், அதாவது 8,192 பிட். பிறகு சுருள் குறிமுறை ஒவ்வொரு பிட்டையும் இரண்டாக்குகிறது. அது 64 நிலைகள் கொண்டது. எந்தெந்தப் பிட்டுகளைக் கூட்டி அந்த இரண்டையும் உண்டாக்குவது என்று சொல்வது, எட்டடிமான எண்களில் 171, 133 என்ற புகழ்பெற்ற சோடி. கடைசியில் நொடிக்கு 72,000 சிம்பல் (ஒரு தடவையில் அனுப்பும் அலை நிலை), சிம்பலுக்கு 2 பிட் என்ற கணக்கில் ஒலிபரப்பு. ரிசீவர் இதையெல்லாம் தலைகீழ் வரிசையில் அவிழ்க்க வேண்டும்.

படி 1: பதிவு செய்யுங்கள், பிறகு அளவிடுங்கள்

நேரலையில் சோதிப்பதைப் போல வீண்வேலை வேறில்லை. இன்றைய கடப்பில் ஒன்றை மாற்றி, நாளைய கடப்போடு ஒப்பிட்டால் உயரக் கோணம் வேறு, பக்கத்து வீட்டு இரைச்சல் வேறு. எது எதனால் என்று தெரியாது. மூல அலைவரிசையை அப்படியே வட்டில் பதிவு செய்யுங்கள். கணினியில் செருகும் சிறிய ரேடியோ ரிசீவரான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளில் நொடிக்கு 10,24,000 மாதிரி, மாதிரிக்கு 2 பைட் என்றால் 12 நிமிடத்துக்கு ஒன்றரை கிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. இன்றைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. நல்ல கடப்பு ஒன்று, சுமாரானது ஒன்று, மோசமானது ஒன்று என மூன்று பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, இனிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் அதே மூன்றின் மேல் ஓட்டுங்கள். சாட்டம்ப் போன்ற இலவச மென்பொருள்கள் பதிவிலிருந்து மறுபடி மறுபடி டிகோட் செய்ய இடம் தருகின்றன.

எதை அளவிடுவது? படத்தின் அழகை அல்ல. மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ரீட்–சாலமன் ஒப்புக்கொண்ட ஃபிரேம்கள் எத்தனை. 12 நிமிடக் கடப்பில் அதிகபட்சம் ஏறத்தாழ 6,300 வரலாம். ஒப்புக்கொண்டவற்றில் சராசரியாக எத்தனை பைட் திருத்தப்பட்டன. மூன்றாவது, சுருள் குறிமுறையை அவிழ்க்கும் விட்டர்பி டிகோடர் தரும் பிழை விகிதம்.

இந்த மூன்றாவது எண் ஒரு சிறிய ஏமாற்றுக்காரன். டிகோட் செய்த பிட்டுகளை மறுபடி குறிமுறைப்படுத்தி, வந்த பிட்டுகளோடு ஒப்பிட்டுத்தான் இதைக் கணக்கிடுகிறார்கள். வெறும் இரைச்சலைக் கொடுத்தாலும் டிகோடர் அதற்கு மிக அருகிலுள்ள பாதை ஒன்றைத் தேடித் தந்துவிடும். அதனால் இரைச்சலுக்கும் அது 50 சதவீதம் காட்டாது, அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே காட்டும். செயற்கைக்கோள் இல்லாத நேரத்தில் ஒரு நிமிடம் பதிவு செய்து ஓட்டி, உங்கள் மென்பொருள் வெற்று இரைச்சலுக்கு என்ன எண் காட்டுகிறது என்று சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். அந்த எண்ணை நெருங்கினால் சிக்னலே இல்லை என்று பொருள்.

படி 2: டிகோடருக்கு முன்னால் உள்ளதைச் சீர்செய்யுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 53.4 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு கம்பிகளை 120 பாகைக் கோணத்தில் விரித்து, கிடைமட்டமாக, வடக்கு–தெற்காக வைத்தால் இந்த வேலைக்குப் போதும். பதினைந்து மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் இந்த அலைவரிசையில் 3 டெசிபலை நெருங்கி விழுங்கும்; பெருக்கியை ரிசீவர் பக்கத்தில் வைத்தால் அந்த இழப்பு அப்படியே இரைச்சலாகச் சேரும். ஆன்டெனாவின் அடியிலேயே வையுங்கள்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பெருக்கி எல்லாவற்றையும் பெருக்கும், 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை கத்திக்கொண்டிருக்கும் பண்பலை நிலையங்களையும் சேர்த்து. டாங்கிளில் இருப்பது 8 பிட் மாற்றி. பலமான அண்டைச் சிக்னல் வந்தால் அது நிரம்பி வழியும். பெருக்கிக்கு முன்னால் ஒரு பண்பலைத் தடுப்பு வடிகட்டி வைத்துவிட்டு, டாங்கிளின் கெயினை உச்சத்திலிருந்து படிப்படியாக இறக்கிப் பாருங்கள். சிக்னல் உயரம் குறைவதைவிட இரைச்சல் தரை வேகமாகக் குறைந்தால் நீங்கள் நிரம்பிய நிலையில் இருந்தீர்கள் என்று அர்த்தம். நிரம்பி வழிந்த மாதிரி ஒன்று டிகோடரிடம் 'எனக்குச் சந்தேகமே இல்லை' என்று பொய் சொல்லும். பிழைதிருத்தத்துக்கு இரைச்சலைவிடப் பெரிய எதிரி இந்தப் பொய்தான்.

படி 3: டீமாடுலேட்டரை அடக்கி வையுங்கள்

டிகோடர் சரியில்லை என்று எண்ணும் நேரங்களில் பாதிக்கு மேல் குற்றம் இங்கேதான் இருக்கும். மூன்று இடங்களைப் பாருங்கள்.

அலைவரிசை விலகல். செயற்கைக்கோள் நெருங்கி வரும்போதும் விலகிப் போகும்போதும் டாப்ளர் விளைவால் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் மேலும் கீழும் நகரும். மலிவான டாங்கிளின் படிகம் பத்து லட்சத்தில் 50 பங்கு தவறினால் அதனால் மட்டும் கிட்டத்தட்ட 7 கிலோஹெர்ட்ஸ் விலகல். படிகத்தின் தவற்றை அளந்து மென்பொருளில் ஒருமுறை பதிந்துவிட்டால், சுமை டாப்ளர் மட்டும்தான்.

இரண்டாவது, சுமப்பலையைப் பின்தொடரும் வளையத்தின் அகலம். அகலமாக வைத்தால் டாப்ளரை எளிதாகத் துரத்தும், ஆனால் இரைச்சலையும் சேர்த்துத் துரத்தி சிம்பல்கள் வரைபடத்தில் விழும் நான்கு புள்ளிக் கொத்துகளையும் பூசி மெழுகிவிடும். குறுகலாக வைத்தால் கொத்துகள் தெளியும், ஆனால் பலவீனமான நேரத்தில் பிடி நழுவும். பிடி நழுவி அடுத்த காற்பகுதியில் போய் ஒட்டிக்கொண்டால் அலையின் கட்டம் (ஃபேஸ்) 90 பாகை திரும்பிவிடும். அந்த நொடியிலிருந்து வரும் எல்லாப் பிட்டும் குப்பை, டிகோடர் அதைக் கண்டுபிடித்து மறுபடி சுழற்றும் வரை. ஒரே ஒரு நழுவலில் பல ஃபிரேம்கள் போய்விடும். உங்கள் மூன்று பதிவுகளையும் இப்போதிருக்கும் அகலம், அதில் பாதி, இரட்டிப்பு என்று ஓட்டி ஃபிரேம் எண்ணிக்கையைப் பாருங்கள். சூத்திரத்தை நம்புவதைவிட இது வேகமானது.

மூன்றாவது, பண்பேற்ற வகை. இப்போதைய மீட்டியோர்களில் இருப்பது, சிம்பலின் இரண்டு பிட்டுகளைச் சுமக்கும் இரு கைகளில் ஒரு கை அரைச் சிம்பல் தாமதமாக வரும் ஓகியூபிஎஸ்கே. சாதாரண கியூபிஎஸ்கே என்று மென்பொருளில் தேர்ந்தெடுத்திருந்தால், எவ்வளவு பலமான சிக்னலாக இருந்தாலும் கொத்துகள் சதுரமாகப் பரவிக் கிடக்கும். வடிகட்டியின் வடிவமும் அனுப்பும் பக்கத்தோடு பொருந்த வேண்டும்; பொருந்தாத வடிகட்டி ஒரு சிம்பலின் வாலை அடுத்த சிம்பலின் மேல் போடும்.

பதிவு கையில் இருப்பதால் ஒரு தந்திரமும் செய்யலாம். கடப்பின் தொடக்கத்தில் செயற்கைக்கோள் அடிவானத்தில் இருக்கும்போது வளையத்துக்குப் பிடியே கிடைக்காது. வலுவான நடுப்பகுதியில்தான் பிடிக்கும். பிடித்த பிடியோடு பலவீனத்தை நோக்கி இறங்குவது, பலவீனத்தில் பிடி தேடுவதைவிட எளிது. அதனால் பதிவின் முதற்பாதியை நேரத்தில் தலைகீழாக்கி டீமாடுலேட் செய்து, வந்த மதிப்புகளின் வரிசையை மறுபடி திருப்பிப் போடலாம். தலைகீழாக ஓடும்போது தாமதமாக வரும் கை எதுவோ அதுவும் மாறும் என்பதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன்.

படி 4: மென்முடிவு, இந்தக் கட்டுரையின் உயிர்

பாடநூல்கள் வன்முடிவு, மென்முடிவு என்று சொல்வதன் பொருளை ஒரு சிறிய கணக்கில் பார்த்துவிடலாம். 1 என்ற பிட்டை +1 ஆகவும், 0 என்ற பிட்டை −1 ஆகவும் அனுப்புகிறோம். பாதுகாப்புக்காக ஒவ்வொரு பிட்டையும் மூன்று முறை. நாம் அனுப்பியது 1. வந்து சேர்ந்தவை: +0.9, −0.1, −0.2.

வன்முடிவு எடுப்பவர் ஒவ்வொன்றையும் தனித்தனியே தீர்மானிக்கிறார்: 1, 0, 0. பெரும்பான்மை 0. தவறு. மென்முடிவு எடுப்பவர் கூட்டிப் பார்க்கிறார்: 0.9 − 0.1 − 0.2 = +0.6. விடை 1. சரி. தயங்கித் தயங்கிச் சொன்ன இரண்டு சாட்சிகளைவிட, உறுதியாகச் சொன்ன ஒரு சாட்சிக்கு எடை கூடுதல். பஞ்சாயத்தில் உட்கார்ந்த எவருக்கும் தெரிந்த விஷயம்தான்.

இதுதான் அந்த 2 டெசிபல். எண்ணில் சொன்னால் வியப்பாக இருக்கும். இந்த இரட்டைக் குறிமுறை மென்முடிவோடு வேலை செய்யும்போது, ஒரு பிட்டுக்குரிய ஆற்றலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 2.5 டெசிபலை ஒட்டியிருந்தால் ஃபிரேம்கள் சுத்தமாக வந்துவிடும். அந்த நிலையில் வான்வழியே வந்த மூலப் பிட்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 தவறானவை! வன்முடிவுக்கு இறங்கினால், தாங்கும் பிழை நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே போய்விடுகிறது.

செய்ய வேண்டியவை இவை. டீமாடுலேட்டரின் வெளியீட்டை −127 முதல் +127 வரையிலான 8 பிட் எண்ணாகச் சேமியுங்கள். மூன்று பிட் போதும் என்று பழைய வன்பொருள்காரர்கள் சொல்வது உண்மைதான், இழப்பு கால் டெசிபல் அளவுதான். ஆனால் கணினியில் அந்தக் கஞ்சத்தனத்துக்குத் தேவையில்லை. அளவுமாற்றத்தைச் சரிபாருங்கள். எல்லா மதிப்புகளையும் ஒரே எண்ணால் பெருக்கினால் விட்டர்பிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பெருக்கம் அதிகமாகி பெரும்பாலானவை 127இல் முட்டிக்கொண்டு நின்றால், நீங்கள் சத்தமில்லாமல் வன்முடிவுக்குத் திரும்பிவிட்டீர்கள். மதிப்புகளின் பரவலை ஒரு பட்டை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள்: இரு பக்கமும் இரண்டு மேடுகள், நடுவில் பள்ளம், ஓரங்களில் கூரான தூண் இல்லை என்றால் நல்லது. ஓரத்தில் தூண் நின்றால் அளவைக் குறையுங்கள்.

அடுத்து, நேரத்துக்கு நேரம் மாறும் இரைச்சல். பக்கத்து வீட்டு எல்இடி விளக்கின் மின்சுற்றோ தைக்கும் இயந்திரமோ ஓடும்போது சில மைக்ரோநொடிகளுக்குப் பலமான துடிப்பு வரும். டிகோடரின் கண்ணுக்கு அது மிக உறுதியான சாட்சி, ஆனால் பொய்ச்சாட்சி. மென்முடிவு டிகோடரை இது வன்முடிவு டிகோடரைவிட மோசமாகக் குழப்பும், ஏனென்றால் அது சாட்சியின் குரலை நம்புகிறது. மருந்து எளிது: வழக்கமான வீச்சைவிடப் பல மடங்கு உயர்ந்த மாதிரிகளை, குறுகிய வடிகட்டிக்குள் நுழையும் முன்பே, பூச்சியமாக்கிவிடுங்கள். வடிகட்டிக்குப் பிறகு என்றால் துடிப்பு ஏற்கெனவே பல சிம்பல்களில் பரவிவிட்டிருக்கும். பூச்சியம் என்றால் 'எனக்குத் தெரியாது'. செல்லரித்த எழுத்துக்குப் பதில் புள்ளிக்கோடு போடுவது போல. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் மற்றதை டிகோடர் பார்த்துக்கொள்ளும்.

படி 5: விட்டர்பியை நிம்மதியாக ஓட விடுங்கள்

ஆண்ட்ரூ விட்டர்பி 1967இல் வெளியிட்ட இந்த வழிமுறை 64 நிலைகளிலும் ஒவ்வொரு சிறந்த பாதையை உயிரோடு வைத்துக்கொண்டு நகர்கிறது. இரண்டு பாதைகள் ஒரே நிலையில் சந்தித்தால், இதுவரை வந்த மதிப்புகளோடு அதிகம் ஒத்துப்போனது தங்கும், மற்றது போகும். எந்தப் பிட்டையும் உடனே அறிவிக்காது. குறைந்தது 35 பிட் பின்னால் திரும்பிப் பார்த்து, அங்கே எல்லாப் பாதைகளும் அநேகமாக ஒன்றாகிவிட்டிருக்கும் என்ற நம்பிக்கையில் சொல்லும். நினைவகம் மலிந்த இந்தக் காலத்தில் 35க்குப் பதில் 100 என்றே வையுங்கள்.

பலர் செய்யும் தவறு, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் டிகோடரைப் புதிதாகத் தொடங்குவது. இந்தக் குறிமுறையில் ஃபிரேம் எல்லையில் நிலை பூச்சியத்துக்குத் திரும்புவதில்லை. தொடர் ஓடை அது. புதிதாகத் தொடங்கினால் ஒவ்வொரு ஃபிரேமின் தலையிலும் வாலிலும் சில பிட்டுகள் பலியாகும்.

கட்டத் திருப்பம் எத்தனை வகை என்ற கேள்விக்கு: நான்கு சுழற்சி, இரு கைகள் இடம் மாறியது மாறாதது என மொத்தம் எட்டு. எட்டையும் சிறிது நீளத்துக்கு ஓட்டி, மறுகுறிமுறைப் பிழை குறைவாக இருப்பவற்றில், ஒத்திசைவுச் சொல் தலைகீழாகாமல் வருவதைத் தேர்ந்தெடுங்கள் (180 பாகை திரும்பினால் பிழை எண் மாறாது). நடுவில் பிழை திடீரென எகிறினால் மறுபடி எட்டையும் சோதியுங்கள். படி 3இல் சொன்ன நழுவலுக்கு வைத்தியம் இதுவே.

படி 6: ஒத்திசைவுச் சொல்லிடம் கறாராக இருக்காதீர்கள், ஏமாளியாகவும் இருக்காதீர்கள்

பதினாறடிமானத்தில் 1-ஏ-சி-எஃப்-எஃப்-சி-1-டி என்ற 32 பிட் சொல் ஒவ்வொரு ஃபிரேமின் தலையிலும் வரும். அப்படியே பிசகாமல் வந்தால்தான் ஏற்பேன் என்றால், ஒரே ஒரு பிட் பிழைக்காக 1,020 பைட்டைக் குப்பையில் போடுவீர்கள். நான்கு பிட் வரை தவறலாம் என்று விட்டால்? நான்கு அல்லது அதற்குக் குறைந்த பிட் மட்டும் மாறுபடும் சொற்கள் 41,449. மொத்தம் சாத்தியமான 429 கோடி சொற்களில் அது ஒரு லட்சத்துக்கு ஒன்று என்ற கணக்கு. ஒரு ஃபிரேம் நீளம் முழுவதும் தேடினால் போலியாக ஒன்று அகப்படும் வாய்ப்பு 8 சதவீதம். அலட்சியப்படுத்த முடியாதது.

வழி இது: தேடும்போது ஒரு சொல் கிடைத்தால் நம்பாமல், சரியாக 8,192 பிட் தள்ளி இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பூட்டு விழுந்தது. பூட்டு விழுந்த பிறகு தாராளமாக இருங்கள். அடுத்த சொல் சிதைந்திருந்தாலும் அது எங்கே இருக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். ஐந்தாறு ஃபிரேம் தொடர்ந்து காணவில்லை என்றால் மட்டும் மறுபடி தேடத் தொடங்குங்கள்.

படி 7: ரீட்–சாலமனிடம் கடைசிச் சொட்டு வரை பிழியுங்கள்

விட்டர்பி தவறும்போது ஒற்றைப் பிட்டாகத் தவறாது. பாதை மாறிப்போய்க் கொத்தாகத் தவறும். அந்தக் கொத்தை வாங்கிக்கொள்ளத்தான் பைட் கணக்கில் வேலை செய்யும் ரீட்–சாலமன் பின்னால் நிற்கிறது. ஒரு பைட்டில் ஒரு பிட் தவறினாலும் எட்டும் தவறினாலும் அதற்கு ஒன்றுதான். 255 பைட்டில் 16 பைட் வரை திருத்தும். நான்கு துண்டுகளைப் பின்னியிருப்பதால் தொடர்ச்சியாக 64 பைட் சேதமானாலும் ஒவ்வொரு துண்டுக்கும் 16 தான் விழும்.

முதலில் ஒரு நோயறிதல். விட்டர்பி பிழை மிகக் குறைவு, ஒத்திசைவுச் சொல் பளிச்சென்று வருகிறது, ஆனால் ஒரு துண்டுகூடத் தேறவில்லை என்றால் அது இரைச்சல் அல்ல, அமைப்பில் தவறு. கலப்பு வரிசையை நீக்க மறந்திருப்பீர்கள், அல்லது பின்னலை அவிழ்க்கும் வரிசை தவறாக இருக்கும், அல்லது சில விண்கலங்கள் பயன்படுத்தும், பைட்டுகளை வேறு விதமாக எழுதும் இரட்டை அடித்தளக் குறியீட்டைத் தேவையில்லாத இடத்தில் இயக்கியிருப்பீர்கள். இரைச்சல் என்றால் சிலவாவது தேறும்.

இனி லாபம். எது தவறு என்று தெரியாமல் திருத்த ஒரு பைட்டுக்கு இரண்டு உபரிப் பைட் செலவாகிறது. எந்த இடம் தவறு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒன்றே போதும். அதாவது பிழைகளின் இரு மடங்கோடு அடையாளமிட்ட அழிவுகளைக் கூட்டினால் 32க்குள் இருக்க வேண்டும். 'எங்கே தவறு' என்று எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டைக் கேளுங்கள். ஒரு ஃபிரேமில் நான்கு துண்டுகளில் மூன்று தேறி, நான்காவது தேறவில்லை என்று வையுங்கள். முதல் மூன்றில் எந்தெந்த இடங்களில் பைட் திருத்தப்பட்டது என்பது தெரியும். விட்டர்பியின் கொத்து பல பைட்டுகளில் பரவுவதால், 100ஆவது இடத்தில் மூன்று துண்டுகளும் அடிபட்டிருந்தால், நான்காவதன் 100ஆவது இடமும் அடிபட்டிருக்க மிகுந்த வாய்ப்பு. அந்த இடங்களை அழிவு என்று குறித்து நான்காவதை மறுபடி ஓட்டுங்கள். முன்னும் பின்னும் உள்ள பைட்டுகள் தவறாக இருந்த இடங்களை மட்டும் குறியுங்கள். கண்டபடி குறித்தால் உபரி வீணாகும்.

இதற்கும் அடுத்த கட்டம் ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதையும் உண்டு. 1989இல் வியாழனுக்குக் கிளம்பிய கலிலியோ கலத்தின் பெரிய ஆன்டெனா 1991இல் விரிய மறுத்துவிட்டது. நொடிக்கு 134 கிலோபிட் என்று திட்டமிட்டிருந்த இடத்தில் சிறிய ஆன்டெனாவை வைத்துக்கொண்டு அதிகபட்சம் 160 பிட். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தார் தரையில் செய்த வேலைகளில் ஒன்று, டிகோடிங்கை நான்கு சுற்றாக ஓட்டியது. பலமான ரீட்–சாலமன் துண்டுகள் முதலில் தேறும். தேறிய பைட்டுகள் இனிச் சந்தேகத்துக்கு இடமற்றவை. அவற்றை விட்டர்பிக்குத் திருப்பிக் கொடுத்து, 'இந்தப் பிட்டுகள் உறுதி, இவற்றோடு முரண்படும் பாதைகளை வெட்டிவிடு' என்று சொல்லி மறுபடி ஓட்டினார்கள். இடையிலிருந்த பலவீனமான துண்டுகளும் அப்போது தேறின. உங்கள் பதிவிலும் இதைச் செய்யலாம். தேறிய மூன்று துண்டுகளின் பைட்டுகளை மறுகலப்பு செய்து உரிய இடத்தில் பதித்துவிட்டு, அந்த ஃபிரேமை மட்டும் மென்முடிவு மதிப்புகளிலிருந்து மறுபடி டிகோட் செய்யுங்கள். அதற்கு மென்முடிவுக் கோப்பைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 8: திருத்துவதை எங்கே நிறுத்துவது

ரீட்–சாலமன் 'திருத்திவிட்டேன்' என்று சொன்னால் நம்பலாம். 16 பைட் திருத்தும் குறிமுறை குப்பையைத் தவறுதலாக ஏற்பதற்கான வாய்ப்பு, ஒன்று முதல் பதினாறு வரை பெருக்கி வரும் எண்ணில் ஒன்று என்ற அளவு. உங்கள் ஆயுளில் பார்க்க மாட்டீர்கள். ஆனால் எல்லாக் குறிமுறைக்கும் இந்த நாணயம் கிடையாது.

1,090 மெகாஹெர்ட்ஸில் விமானங்கள் அனுப்பும் 112 பிட் செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் வாலில் 24 பிட் சரிபார்ப்பு எண் மட்டும் உண்டு. பிழையைக் கண்டுபிடிக்க வைத்ததை, சில மென்பொருள்கள் ஒவ்வொரு பிட்டாகத் திருப்பிப் பார்த்துத் திருத்தவும் பயன்படுத்துகின்றன. ஒரு பிட் வரை என்றால், குப்பைச் செய்தி ஒன்று ஏற்கப்பட ஒன்றரை லட்சத்தில் ஒரு வாய்ப்பு. இரண்டு பிட் வரை என்றால் 6,216 சோடிகள்; வாய்ப்பு 2,700க்கு ஒன்றாகிவிடுகிறது. பரபரப்பான நகரில் நொடிக்கு ஆயிரக்கணக்கில் குப்பைத் துடிப்புகள் வரும் இடத்தில், இல்லாத விமானங்கள் திரையில் பறக்கத் தொடங்கும். திருத்துவதற்கும் புனைவதற்கும் இடையிலுள்ள கோடு உபரி பிட்டுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. நான் ஒரு பிட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எல்ஆர்பிடியிலும் இதே கேள்வி வரும். தேறாத ஃபிரேமில் மூலப் பைட்டுகள் அப்படியே இருக்கின்றனவே, அவற்றைப் படமாக்கினால் என்ன? செய்து பார்த்தேன். படத் தரவு சுருக்கப்பட்டிருப்பதால் ஒரு பிட் தவறினாலும் அந்தத் துண்டின் மிச்சம் முழுக்க வண்ணக் கோலமாகிவிடுகிறது. மேகம் எது கோளாறு எது என்று பிரித்தறிய முடியவில்லை. கறுப்புக் கட்டமே மேல்.

இரு முனையும் உங்கள் கையில் இருந்தால்

அனுப்பும் கருவியையும் நீங்களே அமைக்கும் பேறு கிடைத்தால் 1960களின் குறிமுறையோடு நிற்க வேண்டியதில்லை. ராபர்ட் கேலகர் 1960இல் தன் ஆய்வேட்டில் முன்வைத்து, கணினிகளுக்கு வலு போதாமல் முப்பது ஆண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்த எல்டிபிசி குறிமுறைதான் இன்று செயற்கைக்கோள் தொலைக்காட்சியிலும் 5ஜி தரவிலும் ஓடுகிறது. டிவிபி-எஸ்2 தரத்தில் அதற்குப் பின்னால் காவல் நிற்கும் பிசிஎச் குறிமுறையின் பெயரில் இருக்கும் மூன்று எழுத்துகளில் இரண்டு போஸ், ராய்-சவுத்ரி என்ற இந்தியக் கணிதவியலாளர்களுடையவை.

ஒன்றில் மட்டும் கவனம். விட்டர்பிக்கு அளவுமாற்றம் பொருட்டல்ல என்றேன். எல்டிபிசியின் முழுமையான டிகோடருக்கு அது பொருட்டு. இரைச்சலின் அளவைச் சரியாக மதிப்பிட்டு, ஒவ்வொரு மதிப்பையும் அதனால் வகுத்துத்தான் கொடுக்க வேண்டும். மதிப்பீடு தவறினால் டிகோடர் அளவுக்கு மீறி நம்பும், அல்லது அளவுக்கு மீறிச் சந்தேகப்படும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் குறைந்தபட்சக் கூட்டல் என்ற எளிய வகையை எடுத்து, அதன் செய்திகளை 0.75ஆல் பெருக்கி ஓட்டுங்கள், இழப்பு சிறிதுதான்.

மீட்டியோருக்குத் திரும்பினால், இந்தப் படிகளை எந்த வரிசையில் செய்வது என்று கேட்பவர்களுக்கு என் விடை: முதலில் பதிவு, உடனே மென்முடிவு மதிப்புகளின் பட்டை வரைபடம். என்னைப் போல மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். ஓரத்தில் தூண் நிற்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.